நடப்பது சிறப்புத் திட்டம் ஆகாது

குடும்பத்தோடு காலாற நடந்து ஓர் அருவியைப் பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறவர்களுக்குப் பினாங்கைப் போல வசதியான ஊர் வேறில்லை. ஜார்ஜ்டவுனில் காரை எடுத்தால் சற்று நேரத்தில் வாட்டர்ஃபால் ரோடு. அங்கிருப்பது தண்ணீர்மலை. மலைமேல் இருப்பவர் தண்ணீர்மலையான் என்கிற முருகன். அவரைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். சாலை முடிகிற இடத்தில் தாவரவியல் பூங்கா. அதையும் வாட்டர்ஃபால் கார்டன் என்றுதான் ஊர் சொல்லும். சாலை, சாமி, தோட்டம் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்த அந்த அருவியை மட்டும் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது.

ஏனென்றால் அது பூட்டிய கேட்டுக்கு அப்பால், குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். பிள்ளையை இடுப்பிலும் நாசி லெமாக் பொட்டலத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு வருகிற ஆத்தாளுக்கு, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று குரங்கைப் பார்க்கலாம் என்பது சலுகை.

இந்த ஆட்டம் இன்று நேற்று தொடங்கியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெள்ளைக்காரன் இந்த அருவித் தண்ணீரைக் கால்வாய் கட்டி ஊருக்குள் கொண்டுபோனான். அருவியடியில் குடியிருந்த முருகனையே தண்ணீர்த் தேவை என்று சொல்லி இடம் மாற்றினார்கள் என்கிறது கோயில் வரலாறு. பழைய கருங்கல் குவாரியைச் சீர்செய்து 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய பூங்காவும் தப்பவில்லை. நீர்த்தேக்கம் கட்டப்போகிறோம் என்று 1910இல் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். செடிகள் பல கப்பலேறிச் சிங்கப்பூர் போயின. பிறகு மனம் மாறி 1912இல் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்க ஆளில்லாத காலம், போகட்டும்.

குடிக்கிற தண்ணீரைக் காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. பினாங்கின் கச்சாத் தண்ணீரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் வருவது மூடா ஆற்றிலிருந்து. அருவியின் பங்கு சிறிது என்றாலும் தண்ணீர் தண்ணீர்தான். நம் யோக்கியதையும் ஊருக்குத் தெரியும். தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை இதே சாலையில் நடந்து பாருங்கள். தண்ணீர்ப்பந்தலில் வாங்கிக் குடித்த மோர்க் கப்பும், நசுங்கிய சோற்றுப் பொட்டலமும், பாதி உறிஞ்சிய ஸ்ட்ராவும் சாக்கடை ஓரம் வரிசை கட்டிக் கிடக்கும். புண்ணியத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிறோம், குப்பையைத் துப்புரவுத் தொழிலாளிக்கு விட்டுப்போகிறோம். இந்தக் கூட்டத்தை அருவிக்குள் விடலாமா என்று அதிகாரி தயங்கினால் அதில் நியாயம் உண்டு.

நியாயம் அந்தக் கேட்டோடு நின்றுவிடுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கடல் மட்டத்துக்கு 250 அடிக்கு மேலேயோ, 25 பாகைக்கு மேல் சரிவாகவோ இருக்கும் நிலம் மலைநிலம். அங்கே கட்டடத்துக்கு அனுமதி இல்லை. பினாங்கின் விதி இது. கேட்கவே காது குளிர்கிறது. அதன் வாலில் மூன்றே சொல்: ‘சிறப்புத் திட்டங்கள் நீங்கலாக’. மூன்றே சொல்லில் எவ்வளவு பெரிய ஓட்டை! லாரி போகும், கிரேன் போகும், இருபது மாடி போகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆத்தாள் மட்டும் போக முடியாது.

தீவின் சரிவுகளை எவ்வளவு பத்திரமாகக் கையாள்கிறோம் என்பதற்கு ஏடு சாட்சி. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில், கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் செத்தார்கள். சரியாக ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2018 அக்டோபர் 19 அன்று புக்கிட் குக்குஸ் சாலைப் பணியிடத்தில் 9 பேர். பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள்தாம் பெரும்பாலோர். மலையைத் தொட்டால் ஆபத்து என்கிற பலகையை அங்கே யாரும் யாருக்கும் காட்டவில்லை.

இப்போது கேபிள் கார். பூங்காவின் அருகே ஒரு நிலையம், பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலை உச்சியில் இன்னொன்று, செலவு 24 கோடியே 50 லட்சம் வெள்ளி, மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றுமாம். கொடிமலையையும் பூங்காவையும் சேர்த்து யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தது. காப்பகம் என்றானதும் காப்பாற்றும் வேலையைக் கான்கிரீட்டிடம் ஒப்படைத்துவிட்டோம். உச்சிக்குப் போக 1923இல் ஓடத் தொடங்கிய மலைரயில் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள். செருப்புக் காலோடு நடந்தால் காடு கெட்டுவிடும். டிக்கெட் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் அதே காட்டின் தலைக்கு மேலே மிதந்தால் அது சுற்றுச்சூழல் சுற்றுலா.

ஆகவே அருவி பார்க்க விரும்பும் குடும்பத்தலைவர் இனி விண்ணப்பத்தை விவரமாக எழுத வேண்டும். திட்டத்தின் பெயர்: நடை. தன்மை: சிறப்பு. முதலீடு: ஐந்து பொட்டலம் நாசி லெமாக், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. கட்டப்போவது: ஒன்றுமில்லை. வெட்டப்போகும் மரம்: ஒன்றுமில்லை.

கடைசி இரண்டு பதிலைப் பார்த்ததுமே நிராகரித்துவிடுவார்கள்.