துப்பாக்கிக்குத் தீனி செரிக்கலையாம்!

வா தம்பி, உக்காரு. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, கென்டக்கி அணிலெல்லாம் இன்னிக்கும் சௌக்கியம். லெக்சிங்டன் அடகுக் கடையில ரூகர் 10/22 துப்பாக்கி சல்லிசா அமைஞ்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே, இப்ப நாலு தடவை சுட்டா ரெண்டு தடவை சிக்குதுன்னு வந்து நிக்கிற. வித்தவன் எதுக்கு வித்தான்னு அப்பவே கேட்டிருக்கலாம். சரி, அவனும் பொழைக்கணும்ல.

முதல்ல மேகசினைக் கழட்டு. போல்ட்டை இழுத்துப் பிடிச்சு சேம்பருக்குள்ள எட்டிப் பாரு. "காலியாத்தான் இருக்கு தாத்தா"ன்னு பார்க்காமலே சொல்றவன் வீட்டுக் கூரையிலதான் ஓட்டை விழும்.

இப்பச் சொல்லு, எப்படிச் சிக்குது? மொட்டையா "ஜாம் ஆகுது"ன்னா நான் என்ன குறி சொல்றவனா? சுட்ட கூடு வெளியே போகாம வாசல்ல நட்டுக்குத்தலா நிக்குதா, இல்ல புதுத் தோட்டாவோட மூக்கு சேம்பர் வாயில முட்டிக்கிட்டு நிக்குதா? அது வேற நோய், இது வேற நோய்.

கூடுதான் நிக்குதா? அப்ப தோட்டா டப்பாவக் காட்டு. அடேங்கப்பா, சத்தம் வராத தோட்டா! அணில் காதுக்கு நோகக் கூடாதுன்னு எம்புட்டுக் கரிசனம்! இந்தத் துப்பாக்கியில போல்ட்டைப் பூட்டி வைக்கிற ஏற்பாடே இல்ல தம்பி. அதோட கனமும் ஸ்பிரிங்கும்தான் காவல். வெடிச்ச வேகத்துல காலிக்கூடு போல்ட்டைக் கடைசிவரைக்கும் பின்னால தள்ளணும். ஒலியைவிட மெதுவாப் போற தோட்டாவுக்கு அந்தத் தெம்பு பல நேரம் இருக்காது. போல்ட் பாதி வழியிலேயே திரும்பி வந்து கூட்டைக் கவ்விக்கும். 40 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,200 அடிக்கு மேல போற தோட்டாவைப் போட்டுப் பாரு, பாதி வியாதி போயிடும்.

மிச்சப் பாதி அழுக்கு. பாயின்ட் 22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேல மெழுகுப் பூச்சு. ரெண்டும் மருந்துக் கரியோட சேர்ந்து சேம்பர்ல அப்பிக்கும், எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலயும் போய் உக்காரும். வித்தவன் அதைத் துடைக்கலை, மேல எண்ணெயை ஊத்திப் பளபளன்னு காட்டியிருக்கான். எண்ணெய் ஊறின கரி இன்னும் மோசம். இதுல பின்பக்கத்துலேர்ந்து கம்பி விட ஓட்டையும் கிடையாது. கழட்டித்தான் சேம்பரைத் தேய்க்கணும். கழட்டும்போது கீழே ஒரு துண்டை விரி. ட்ரிகர் கூட்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டு பின்னும் லேசாத் தட்டினாலே விழுந்து ஓடிடும், அப்புறம் தரையில தவழ்ந்து தேடணும். உன் சம்சாரம் சிரிக்கும்.

மூக்கு முட்டுதுன்னா மேகசினைப் பாரு. ராட்டினம் மாதிரி பத்துத் தோட்டாவுக்கும் தனித்தனி இருக்கை போட்டு வச்சிருக்கான், உள்ள ஸ்பிரிங் சுத்தி விடுது. அழுக்கு சேர்ந்தா, முறுக்குத் தளர்ந்தா, அடுத்த தோட்டா எந்திரிச்சு வர மாட்டேங்கும். உன்கிட்ட ரெண்டு மேகசின் இருக்குல்ல? நகப்பூச்சால ஒண்ணு, ரெண்டுன்னு எழுது. ஒண்ணு மட்டும் சிக்கினா துப்பாக்கி பாவம், அதைத் திட்டாத. அதுக்காக மேகசின் முன்னால இருக்கிற ஸ்குரூவை விளையாட்டா அவுத்துடாத. முறுக்கு விர்ருனு விட்டுப்போயிடும், திரும்ப ஏத்துறதுக்குள்ள உன் அணில் பேரன் பேத்தி எடுத்துடும்.

ஆமா, சிக்கின தோட்டாவைத் திருப்புளியால நெம்பினியாமே? நல்லா இருக்கியா, கண்ணு ரெண்டும் இருக்கா? இது விளிம்புல பற்றுமருந்து வச்ச தோட்டா. விளிம்புல இடிச்சா கையிலேயே வெடிக்கும். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, மேகசினை எடுத்துட்டு, போல்ட்டை மெதுவா இழு. சுடும்போது 'புஸ்'னு சத்தம் செத்துப்போனா அடுத்தது சுடாத. துப்பாக்கியைக் காலி பண்ணி, குழலுக்குள்ள குண்டு நிக்குதான்னு பாரு.

இதென்ன பொட்டலம்? புது ஸ்பிரிங், புது எக்ஸ்ட்ராக்டர், புது ட்ரிகரா? துப்பாக்கி விலையைவிட இது கூட இருக்கும்போலயே! 1964லேர்ந்து லட்சக்கணக்குல வித்த துப்பாக்கிக்குப் பாகம் விக்கிறவன் வீடு கட்டாம என்ன பண்ணுவான்? பிரிக்காதத எல்லாம் திருப்பி அனுப்பு. முதல்ல பிரஷ்ஷை எடு.

அந்தச் சத்தம் வராத தோட்டாவை மட்டும் இங்கேயே வச்சுட்டுப் போ. உனக்கு எதுக்கு அது? என் துப்பாக்கியில போல்ட்டைக் கையாலதான் இழுக்கணும், அதுக்கு வேகமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். டப்பா முழுசாத்தான இருக்கு?