ஆன்டெனாவுக்கு எச்.டி. தெரியுமா?

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் ஆன்டெனா ஒட்டிவைத்து, ஓசியில் வரும் தன் படம்தான் தெளிவு என்கிறாராம். நம்பலாமா?

பதில்: நம்பலாம், வயிற்றெரிச்சலாக இருந்தாலும். ஸ்டூடியோவில் எச்.டி. படம் நொடிக்கு ஏறக்குறைய 1.5 ஜிகாபிட். அமெரிக்காவில் ஒரு சேனலுக்கு ஒதுக்கிய அகலமோ 6 மெகாஹெர்ட்ஸ். இப்போது பரவலாக இருக்கும் முறையில் அதற்குள் 19.39 மெகாபிட்தான் போகும். ஆக, ஒளிபரப்புக் கோபுரம் ஏறுமுன்பே படத்தை எழுபதில் ஒரு பங்குக்கும் கீழாக நசுக்கியாக வேண்டும். ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறாததை விட்டுவிட்டு, மாறியதை மட்டும் அனுப்புவதுதான் இதில் முக்கியமான உத்தி. செய்தி வாசிப்பவர் தலையை மட்டும் அசைத்தால் பிட் மிச்சம். கேமரா பந்தைத் துரத்தி, புல்லும் கூட்டமும் சேர்ந்து ஓடினால் பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். கேபிள் நிறுவனங்கள் பலவும், அதே கம்பியில் இன்னும் சில சேனல்களை ஏற்றுவதற்காக, இந்தப் படத்தை இன்னொரு தடவை நசுக்குகின்றன. பிழிந்த கரும்பை மறுபடி ஆலைக்குள் விட்டு வரும் சாறுக்குத்தான் உங்கள் மகன் பில் கட்டுகிறார். 'கேபிள் பெட்டியில் 1080 என்று போட்டிருக்கிறதே' என்பீர்கள். அது புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை பிட் செலவழித்தார்கள் என்பதைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை. அங்கே ஏபிசி தொலைக்காட்சி, 720 வரிகளோடு நொடிக்கு 60 முழு ஃபிரேம் அனுப்புகிறது. விளையாட்டுக்கு அதுவே தாராளம்.

கேள்வி: அப்படியானால் விலை கூடிய 'எச்.டி. ஆன்டெனா' வாங்கச் சொல்லட்டுமா?

பதில்: ஆன்டெனாவுக்கு எச்.டி. தெரியாது, அலைநீளம்தான் தெரியும். 2009 ஜூன் 12-இல் அங்கே முழுச்சக்தி நிலையங்கள் அனலாகை நிறுத்தியபோது, கூரையில் இருந்த பழைய கம்பிகள் அப்படியே டிஜிட்டலையும் பிடித்தன. ஃபிலடெல்ஃபியாவில் ஏபிசி நிலையம் டிஜிட்டலிலும் 6-ஆம் சேனலிலேயே நின்றது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். உள்ளங்கை அகலத் தகட்டில் 'எச்.டி.' என்று தங்க எழுத்தில் பொறித்தாலும் அது திணறத்தான் செய்யும். சிக்னல் கூடினால் படம் மெருகேறாதா என்றால், ஏறாது. இரைச்சலைவிடச் சிக்னல் 15 டெசிபல் போல மேலே இருந்தால் படம் முழுசாக வரும். கீழே இறங்கினால் உறைந்துபோகும். அனலாகில் புள்ளிமழைக்கு நடுவே இலங்கையின் ரூபவாஹினி பார்த்த நம் ஊர்ப் பொறுமைக்கு இங்கே வேலையில்லை. அந்த 15 டெசிபல் வாசலைத் தாண்டிய பிறகு எத்தனை பூஸ்டர் போட்டாலும் மைதானத்துப் புல் கூடுதலாகப் பச்சையாகாது.

கேள்வி: அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான் எப்போதும் ஜெயிப்பாரா?

பதில்: அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள். அந்த 19.39 மெகாபிட்டை நிலையங்களே கூறு போடுகின்றன. 6.1-இல் எச்.டி., 6.2-இலும் 6.3-இலும் பழைய தொடர்களும் விற்பனை நிகழ்ச்சிகளும் என்று அடுக்கினால், கேபிள்காரர் செய்த பாவத்தில் பாதியைக் கோபுரமே செய்துவிடுகிறது. சில கேபிள் நிறுவனங்கள் உள்ளூர்ச் சேனலைக் கைவைக்காமல் அப்படியே அனுப்புவதும் உண்டு. சேனலுக்குச் சேனல் தீர்ப்பு மாறும். ஒரே ஆட்டத்தை இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தை விட்டுவிட்டுப் புல்லைப் பார்க்க வேண்டும்.