இருங்க, இப்ப வரும்

கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போனாலும் சரி, தவளைக்காரர் வீட்டில் முதலில் தொட்டி முன்னால் நின்றாக வேண்டும். காபி அப்புறம்தான். தவளை கண்ணில் பட்டால்தான் காபி என்பது அந்த வீட்டுச் சட்டம். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் இப்படி ஒருவர் இருக்கிறார், திருப்பதி பைராகிப்பட்டடையில் இன்னொருவர். படித்துவிட்டு ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

செருப்பைக் கழற்றியதுமே பேச்சையும் நிறுத்திவிட வேண்டும். ஹால் விளக்கு அணையும், மின்விசிறியும் நிற்கும். அதிர்வு ஆகாதாம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் பாசி, பெரணி, கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி, அவ்வப்போது எங்கிருந்தோ புஸ்ஸென்று கிளம்பும் புகைமூட்டம். எல்லாம் இருக்கும், தவளையைத் தவிர. மலையில் பெருமாளைப் பார்க்க ஒரு நிமிஷம் நின்றால்கூட "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளி வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே தள்ளிவிட ஆள் கிடையாது. தரிசனம் ஆகும்வரை நிற்க வேண்டியதுதான்.

"அதோ, அந்த இலைக்குப் பின்னாடி. தெரியுதா?"

"எந்த இலை சார்?"

"பெரிய இலைக்குக் கீழே ஒரு சின்ன இலை இருக்கு பாருங்க. அதுக்கும் கீழே. நீலமா."

"ஆமா ஆமா, தெரியுது."

"அது தெர்மாமீட்டர்."

பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காகவே அந்தத் தெர்மாமீட்டரை அங்கே ஒட்டி வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பொய் பிடிபட்டால் தண்டனையும் உண்டு. நம் கையில் டார்ச்சைக் கொடுத்து, தொட்டியின் இடது மூலையிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்கச் சொல்வார். டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது, சாய்த்து அடிக்க வேண்டும். குனிந்து பார்க்க வேண்டும். நம் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கினால் அவரே துண்டெடுத்துத் துடைப்பார். "இருங்க, இப்ப வரும்" என்பதை நாமும் நம்பி, "வஸ்துந்தி, வஸ்துந்தி" என்று தெலுங்கிலும் ஒருமுறை கேட்டு நம்பி, முழங்கால் வலி வந்த பிறகு மறுபடி தமிழில் கேட்போம்.

புத்தூரிலிருந்து பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க வந்த ஒரு பாட்டி மட்டும்தான் இந்த வரிசையில் எதிர்த்து நின்றவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "ஏம்ப்பா, காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணுவியா, உள்ள தவளை இருக்குன்னு?" என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் கொடுக்கல் வாங்கல் தகராறுகளையே முடித்து வைக்கும் பிள்ளையார் அவர். தவளைக்காரர் முகம் வாடிவிட்டது. பாட்டிக்கு மட்டும் தரிசனம் இல்லாமலே காபி கிடைத்தது.

இதில் கொடுமை என்னவென்றால், இது பகலில் உலாவும் தவளை, கூச்சமே கிடையாது என்று சொன்னவரும் இவரேதான். அது உண்மையும்கூட. தென் அமெரிக்கக் காட்டில் இந்த வகை விஷத் தவளைகள் பட்டப்பகலில், 'என்னைத் தொட்டால் செத்தாய்' என்று நிறத்தாலேயே அறிவித்துக்கொண்டு நடமாடுகின்றன. இவர் வைத்திருக்கும் நீலத் தவளை சுரினாம் நாட்டுத் தெற்கு ஓரத்துச் சிபாலிவினி புல்வெளிப் பக்கத்தைச் சேர்ந்தது. எதற்கும் பயப்படாத இனம். புத்தூர்ப் பாட்டிக்குப் பயந்து கொட்டாங்கச்சிக்குள் போய்விட்டது.

தவளை வராத நேரத்தில் விஷப் பிரசங்கம் நடக்கும். கொலம்பியாவின் பசிபிக் கடலோரக் காட்டில் தங்க நிறத்தில் ஒரு தவளை, அதன் முதுகில் ஊதுகுழல் அம்பைத் தேய்த்து வேட்டைக்குப் போகும் எம்பரா மக்கள், ஒரே ஒரு தவளையிடம் இருக்கும் விஷத்துக்குப் பல பேரைக் கொல்லும் சக்தி. நாம் ஓரடி பின்வாங்கும்வரை நிறுத்த மாட்டார். பின்வாங்கியதும்தான் அடுத்த வாக்கியம்: "ஆனா நம்மளுதுக்கு விஷம் கிடையாது." காட்டில் தின்னும் எறும்பு, உண்ணி மாதிரிப் பூச்சிகளிலிருந்துதான் அதற்கு விஷம் சேருகிறது. தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்வதற்கு ஒன்றும் சேராது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குறை தெரியும். வீட்டம்மாவுக்கு அந்தக் குறை இல்லை. நீலத் தவளையின் பெயரை "அசூரியஸ்" என்று அவர் வாய் நிறையச் சொல்வதை அந்த அம்மாள் "அசுரன்" என்றே சொல்லி வருகிறார்.

இகுவானா, பால் பைத்தான், யாரைப் பார்த்தாலும் தெலுங்கில் திட்டும் சாம்பல் கிளி எல்லாம் அந்த வீட்டில் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிவதால் அவருக்கு அவற்றில் சுவாரஸ்யம் இல்லை.

மே மாதம் திருப்பதியில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும்போது தவளை அறையில் இருபத்துநாலு. அறைச் சூடு முப்பதைத் தாண்டினால் தவளை பிழைப்பது கஷ்டம். மாமியார் முழங்கால் வலியைச் சாக்கிட்டு அந்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டுவிட்டார். மருமகன் வளர்ப்பதில் அவர் மரியாதை வைத்திருக்கும் ஒரே பிராணி அதுதான். மாலையில் கரண்ட் போனால் மனுஷனைப் பார்க்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக்கடைக்கு ஓடி, ஐஸ் வாங்கி, பழைய தண்ணீர் பாட்டில்களில் போட்டுத் தொட்டியைச் சுற்றி அடுக்கி, ஈரத் துணியைப் போர்த்தி, கரண்ட் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறுவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒருமுறை ஒன்று செத்துப்போனபோது துளசி மாடத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அன்று வேலைக்கே போகவில்லை. அந்தத் தவளையையும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அன்றைக்கு எனக்கும் மனசு சரியில்லை.

சட்டம் பேசினால் ஃபைலை எடுத்துவிடுவார். 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, உயிரின வணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல் உயிர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த தாளை லேமினேட் போட்டு வைத்திருக்கிறார். அதே வீட்டுக் கொல்லையில் அவர் அப்பா கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கிறார். அதற்கு எந்தத் தளத்திலும் தாள் கிடைக்காது. நம் ஊர்க் கிளியை அடைத்து வைப்பதே குற்றம். பணம் கொட்டும் என்று சிலர் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கும் நட்சத்திர ஆமையும் அப்படித்தான். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கும் பெட்டிகளுக்குள் குரங்குக்குட்டியும் பாம்பும் ஆமையும் பிடிபடுவதைப் பேப்பரில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஒன்று உயிரோடு வந்து சேர வழியில் எத்தனை செத்தன என்று கேட்டால், "என்னுது ப்ரீடர்கிட்ட வாங்கினது" என்பார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நீலமும் மஞ்சளும்தான் வேண்டுமென்றால் இவ்வளவு பாடு எதற்கு? முதல் பெருமழை பெய்த மறுநாள் ஊருக்கு வெளியே ஏரிப் பள்ளத்துக்குப் போனால் போதும். வருஷமெல்லாம் சேற்று நிறத்தில் கிடந்த நம் நாட்டு ஆண் பெருந்தவளை, எலுமிச்சை மஞ்சளாக மாறித் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். கழுத்தின் இரண்டு பக்கமும் நீலப் பைகள் உப்பி உப்பி இறங்கும். ஒளிவதெல்லாம் கிடையாது. கத்துகிற கத்தலில் தெருவே தூங்காது. காஞ்சி வரதர் கோயிலில் வரிசையில் நின்று உலோகத் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிறோம். உயிருள்ள பொன்பல்லி நம் திருமலைப் பாறை இடுக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் சொன்னால், "அதெல்லாம் லோக்கல் சார்" என்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. இனி என் குறை. அவர் ஊருக்குப் போகும்போது தவளைகளின் சாப்பாடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மாம்பழக் காலத்தில் எங்கள் ஜில்லாவில் ஈக்குப் பஞ்சமா? கிளிமூக்கு மாங்காய் லோடு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் நின்றால் வாயைத் திறக்க முடியாது. ஆனால் தவளைக்கு வேண்டியது பறக்கத் தெரியாத ஈ. அதைக் காசு கொடுத்துக் கூரியரில் வரவழைத்து, மசித்த வாழைப்பழமும் ஈஸ்டும் போட்ட டப்பாக்களில் வளர்க்கிறார். "இது பறக்காது சார், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி என் சமையலறை மேடையில் அடுக்கிவிட்டுப் போனார். பறக்க மாட்டாத ஈக்களில் சில ரகம், வெக்கை அதிகமானால் மறுபடி பறக்க ஆரம்பித்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. என் வீட்டில் ஏசி கிடையாது. அந்த வாரம் முழுக்க ரசத்தை மூடி போட்டுக்கொண்டுதான் குடித்தோம். என் மனைவி இப்போது அந்தத் தெருப்பக்கம் திரும்புவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அழைத்திருக்கிறார். அசுரன் முட்டை போட்டிருக்கிறதாம். குஞ்சு பொரிந்ததும் தகப்பன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்துகொண்டு போய்த் தண்ணீரில் விடுமாம். அதை நான் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். சரி, முட்டையாவது ஓடாது, ஒளியாது, போனதும் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிடலாம் என்று நினைத்து, எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"கொட்டாங்கச்சிக்கு அடியில சார். அதை மட்டும் தூக்கிடக் கூடாது."