கினிக்கோழிக்கு மினுக்கெண்ணெய் கேட்ட தம்பிக்கு

தம்பி, டொரன்டோ மல்வேர்னிலை சனம் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு வீட்டுக்கடன் கட்டுது. நீர் அதுக்குள்ளை கினிக்கோழி விடப் போறீராம். நல்ல யோசினைதான். வாடகை தராது, கத்து கத்தெண்டு கத்தும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டொரன்டோ நகரசபைச் சட்டத்திலை 349ஆம் அத்தியாயம் எண்டு ஒண்டு கிடக்கு. வீட்டிலை வளர்க்கக்கூடாதெண்டு யானையையும் முதலையையும் போட்ட அதே பட்டியலிலை கினிக்கோழியையும் போட்டிருக்கினம். 2018இலை வீட்டுக்கு நாலு பேட்டுக்கோழி வரை வளர்க்க விட்டுப் பாத்தவை, அதுவும் சில வட்டாரங்களிலை மட்டும். மல்வேர்ன் அதுக்குள்ளை வரேல்லை. ஆகையாலை, நகருக்கு வெளியிலை காணி வச்சிருக்கிற மச்சானோடை இப்பவே நல்லாயிரும்.

இனி நிறம். இறகு மினுங்க என்ன எண்ணெய் பூசலாமெண்டு கேட்டீர். என்ரை மீசைக்குப் பூசுற மையிலை கொஞ்சம் தரலாம், பிரயோசனம் இல்லை. இறகு முளைக்கேக்கையே நிறம் உள்ளுக்கை இறங்கி முடிஞ்சிடும். வெளுத்தால், அடுத்த முறை இறகு கொட்டிப் புதுசு வருமட்டும் நீர் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நேரம்தான் தீனிலை கவனம் வேணும். இறகு முழுக்கப் புரதம். மெதியோனின் குறைஞ்சால் சொத்தி இறகுதான் வரும். கருநிறம் ஊறுறதுக்குச் செம்புச்சத்தும் வேணும். மிஞ்சின பாணையும் சோத்தையும் போட்டுப்போட்டு நிறம் காணேல்லையெண்டு அழாதையும். குஞ்சுகளுக்கு 24 தொடக்கம் 26 வீதம் புரதமுள்ள வான்கோழிக் குஞ்சுத்தீன் போடும்.

மிச்சமெல்லாம் தாய் தேப்பன்ரை வேலை. முத்துச் சாம்பல் சோடிக்கு லாவெண்டர் நிறக் குஞ்சு பொரிச்சால் பக்கத்துக் கூட்டுச் சேவலைச் சந்தேகப்படாதையும். ரெண்டு பேருக்குள்ளையும் ஒளிஞ்சு கிடந்த குணம், நாலுக்கொண்டு எண்ட கணக்கிலை வெளிக்கிடும். வெள்ளையைச் சாம்பலோடை சேர்த்தீரெண்டால் நெஞ்சு வெள்ளையாய்க் கலப்புக் குஞ்சு வரும். பேந்து நல்ல நிறத்துக்கு எங்கை போவீர்? இந்தியாவிலை இஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்தார் முத்துநிறத்துக்குக் காதம்பரி, லாவெண்டருக்குச் சிதம்பரி, வெள்ளைக்கு ஸ்வேதாம்பரி எண்டு பேர் வச்சுத் தனித்தனி இனமாய் வச்சிருக்கினம். பேரைக் கேட்டுட்டுப் பொம்பிளை பாக்கப் போயிடாதையும்.

சேவலோ பேடோ எண்டு நிறத்திலை பிடிக்கேலாது, குரலிலை பிடிக்கலாம். பேடு ரெண்டு அசையிலை கூப்பிடும். சேவலுக்கு ஓரசைதான், என்ரை வீட்டிலை எனக்கும் அவ்வளவுதான் அனுமதி.

முட்டை பொரிக்க 26, 28 நாள் எடுக்கும். முட்டைக்குக் காசு குடுக்க முதல் மச்சானுக்கு ஒரு போன் போடும்.