குடித்தனம் முதலில், குழாய் கடைசியில்

அரசாங்கத்துக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் கேட்டுப் போய்ப் பாருங்கள். வளர்ச்சிக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம், காப்புத் தொகை, உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று சதுர மீட்டர் வாரியாகப் பைசா சுத்தமாகக் கூட்டித் தாளை நீட்டுவார்கள். பில்டர் அதைக் கட்டுவார். பிறகு ஃபிளாட் விலையில் ஏற்றி நம் தலையில் கட்டுவார். ஆக, நாம் பால் காய்ச்சுவதற்கு முன்பே, நம் வீட்டுக்கு வரவேண்டிய ரோடு, குழாய், சாக்கடை எல்லாவற்றுக்கும் முன்பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாத கடைக்காரரை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கலாம். இவர்களை எங்கே இழுப்பது?

விதியை மீறிக் கட்டினாலும் கவலையில்லை, அதற்கும் கட்டணம் உண்டு. 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள், மீறல் தொடர்ந்தது. 2012-ல் 113-சி வந்தது. விதிப்படி கட்டியவனிடம் ஒரு ரேட், மீறியவனிடம் இன்னொரு ரேட். இருவர் வீட்டுக்கும் தண்ணீர் லாரிதான்.

வசதிக் கட்டணம் 2007-ல் அதே சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பெரிய கட்டடம் வந்தால் ஊருக்குப் பாரம் கூடும். பாரம் ஏற்றுகிறவர் செலவில் பங்கு தரட்டும் என்பது நியாயம்தான். ஆனால் பணம் போய் உட்காருவது மாநில அளவிலான ஒரு நிதியில். எந்தத் திட்டத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது மாநில அளவிலான ஒரு குழு. பாரம் ஏறிய தெருவுக்கே அது திரும்பி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வசூல் சோழிங்கநல்லூரில், முடிவு கோட்டையில்.

பழைய மகாபலிபுரம் சாலையைவிட இதற்கு நல்ல சாட்சி வேண்டுமா? 2000-ல் டைடல் பார்க் திறந்தார்கள். 2008-ல் ஆறு வழிச் சாலை வந்தது. வந்த கையோடு டோல்கேட்டும் வந்தது. மாநகராட்சி எல்லைக்குள் இருந்த டோல்கேட்டுகளை 2021-லும், நாவலூர் டோல்கேட்டை 2023-லும்தான் மூடினார்கள். காசு வாங்கும் வசதி மட்டும் சாலையோடு ஒட்டிப் பிறந்தது. குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் இன்னும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2011-ல் மாநகராட்சி 42 உள்ளாட்சி அமைப்புகளை ஒரே வாயில் விழுங்கி, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்தது. எல்லைக்கல்லை நகர்த்த ஓர் அரசாணை போதும். குழாயை நகர்த்தப் பத்து வருடம் போதவில்லை.

விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட் வாசல் எதிலாவது நின்று பாருங்கள். பீப் பீப் என்று ரிவர்ஸில் தண்ணீர் லாரி வரும். செக்யூரிட்டி டார்ச் அடித்து சம்ப் மூடியைத் தூக்குவார். கிளீனர் பையன் தொடை தடிமன் ஹோஸை உள்ளே விட்டுவிட்டு, பக்கத்திலேயே குந்தி பீடி பற்ற வைப்பான். எந்தக் கிராமத்து விவசாயக் கிணறோ, காலியாகி இங்கே நிரம்பும். டிரிப் நோட்டில் கையெழுத்து. அந்த லாரி திரும்பும்போது எதிரே இன்னொரு லாரி வழி கேட்டு ஹாரன் அடிக்கும். அது கழிவுநீர் லாரி. ஒன்று கொண்டுவருகிறது, ஒன்று கொண்டுபோகிறது. இரண்டுக்கும் காசு மாத மெயின்டனன்ஸில். இரண்டாவது லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கேளுங்கள், நாற்றத்தோடு பதில் சொல்லும். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய அந்த நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பை மேட்டையும் வளர்த்தோம்.

2019 ஜூனில் இந்தச் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. காரணம் கொரோனா அல்ல, அது பிறகு வந்தது. கைகழுவத் தண்ணீர் இல்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்தது. அமைச்சர்கள் போய் நின்று வரவேற்றார்கள். வெட்கப்பட வேண்டிய இடத்தில் விழா எடுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

பூங்காவையும் சொல்லிவிடலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் பத்து சதவீதத் திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் அது ஊர்ப் பொதுச் சொத்து. நேரில் போனால் பல இடங்களில் காம்பவுண்டுக்குள் சறுக்குமரமும் ஊஞ்சலும், வாசலில் ‘குடியிருப்போர் மட்டும்’ என்ற பலகையும். தெருப்பிள்ளை எட்டிப் பார்த்தால் விசில் ஊதுவார்கள்.

இதெல்லாம் ஃபிளாட் வாங்கக் காசு இருந்தவர்களின் கதை. காசில்லாதவர்களுக்கு அரசே குடித்தனம் ஏற்பாடு செய்தது: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆட்களைக் குட்டியானையில் தட்டுமுட்டுச் சாமானோடு ஏற்றி, பள்ளி ஆண்டின் நடுவிலேயே அங்கே இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். காப்பாற்றிக் கொண்டுபோய் விட்ட இடம் சதுப்பு நிலத்தின் ஓரம். எட்டு மாடி கட்டத் தெரிந்தவர்களுக்கு அங்கே எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், எத்தனை பேருக்கு பஸ் வேண்டும், பிரசவம் என்றால் எங்கே ஓடுவார்கள் என்று முன்கூட்டியே எண்ணத் தெரியவில்லை. வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் நகரத்துக்குள் போய்வர பஸ்ஸிலேயே பாதி நாள் போனது. இதை ‘மறுகுடியமர்வு’ என்று ஃபைலில் எழுதியவர் கை நடுங்கவில்லை.

சரி, இதையெல்லாம் கேட்க மாமன்றம் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்து வருடத்துக்கு மேல் இந்தியாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றுக்கு மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. தனி அலுவலர் ஆண்டார். உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. சொத்து வரியோ இன்னும் சுவாரசியம். 1998-க்குப் பிறகு இருபது வருடம் யாரும் அதைத் தொடவில்லை. 2018-ல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில், கிராமப்புற உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நிற்கும்போது, நிறுத்திவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் ஓட்டு, ஏப்ரல் முதல் தேதி வரி உயர்வு அறிவிப்பு: 25 முதல் 150 சதவீதம் வரை. ஆட்சி மாறியது; பஞ்சாங்கம் மாறவில்லை. ஓட்டுக்கு முன் இறங்கும், ஓட்டுக்குப் பின் ஏறும்.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. பெருநகரத் திட்டக்குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றது. சென்னைக்குத் திட்டம் போடுவது சி.எம்.டி.ஏ.; அதன் தலைவர் மாநில அமைச்சர். அந்தத் திட்டத்தின் அழகைப் பார்க்க கிளாம்பாக்கம் போய் வாருங்கள். 2013-ல் அறிவித்து, 2019-ல் அடிக்கல் நாட்டி, 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பஸ் நிலையம். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கமே தண்டவாளம் ஓடுகிறது. பத்து வருடம் யோசித்தும், திறப்பு விழா அன்று ரயில் நிலையம் இல்லை, சாலையைக் கடக்க நடைமேம்பாலம் இல்லை. ஒரு மாதம் கழித்து, ஊருக்குப் போக பஸ் கிடைக்காத ஜனங்கள் நடுராத்திரியில் மறியல் செய்தார்கள். ரிப்பன் வெட்டத் தேதி குறிக்கிற வேகம், ரயில் நிறுத்தத் தேதி குறிப்பதில் இருந்திருந்தால் அவர்கள் வீட்டில் தூங்கியிருப்பார்கள்.

கேட்பது நிலாவை அல்ல. வார்டு வாரியாக ஒரு பக்கக் கணக்கு: இங்கே எழுந்த கட்டடங்களிடம் இத்தனை வசூலித்தோம், இங்கேயே இத்தனை செலவழித்தோம், மீதி இந்தக் கணக்கில் இருக்கிறது. சி.எம்.டி.ஏ. போட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அதில் சொன்னதில் வந்தது எது, வராதது எது என்று முதலில் சொல்லட்டும். பிறகு 2046 வரைக்குமான மூன்றாவதை விரித்துக் காட்டட்டும். குழாய் போகாத இடத்தில் புது மாடிகளுக்குக் கையெழுத்து நிற்கட்டும். பில்டர்கள் கொதிப்பார்கள், கொதிக்கட்டும். வளர்ச்சி நின்றுவிடும் என்று அதிகாரிகள் பயமுறுத்துவார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் வருவதற்கு முன்னால் உயர் அதிகாரிகள் குடியிருப்பு ஒன்றையாவது நீங்கள் திறந்ததுண்டா?