நங்கூரத் திணை

நெய்தலுக்குத் தொல்காப்பியர் ஒரு குறையும் வைக்கவில்லை. வருணனைத் தெய்வமாக்கினார், எற்பாட்டைப் பொழுதாக்கினார், இரங்கலை உரிப்பொருளாக்கினார். ஆனால் அத்தனையும் கரையில் நின்று கடலைப் பார்ப்பவர்களுக்கு. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டு, ஒரு பாய்மரப் படகுக்குள் கணவனும் மனைவியுமாக மாதக்கணக்கில் குடியிருந்து, அடுத்த படகுக்குப் போய் நாலு முட்டை கைமாற்று வாங்கி வருகிறவர்களுக்கு இலக்கணம் எங்கே? உரையாசிரியர்கள் இளம்பூரணருக்கும் நச்சினார்க்கினியருக்கும் கருத்து வேற்றுமை பல உண்டு. இந்த மௌனத்தில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

களப்பணி பற்றி ஒரு வார்த்தை. படகு அசைந்தால் இவ்வாய்வாளரின் குடலும் அசையும். ஆகவே களப்பணி முழுவதும் நான்கு கால்களும் தரையில் ஊன்றிய நாற்காலி ஒன்றில் நடைபெற்றது. அறிவுலகில் இதற்கு முன்மாதிரிகள் நிறைய உண்டு. பெயர் சொன்னால் மனஸ்தாபம் வரும்.

முதற்பொருள்

ஆய்வுக்களம் பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்சூமா தீவு. அங்கே ஜார்ஜ் டவுன் என்று ஒரு சிற்றூர். அதற்கு எதிரே ஸ்டாக்கிங் தீவு நீளவாக்கில் படுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எலிசபெத் துறைமுகம். கடகரேகை சற்றுத் தெற்கே போகிறது. அடியில் வெண்மணல், மேலே நங்கூரத்துக்குத் தோதான ஆழமில்லாத தண்ணீர். அட்லாண்டிக்கின் புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிவதால், பெரும்பொழுது முன்பனியும் பின்பனியும். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் நூற்றுக்கணக்கான படகுகள் அப்போது வந்து கூடுகின்றன. வருகிறவர்களில் ஓய்வுபெற்றவர்களே மிகுதி. கரீபியன் தீவுகள் வரை போகப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பி, இங்கே வந்து வெளிக்கடலின் அலையை ஒரு பார்வை பார்த்து, குளிர்காலம் முழுக்க இங்கேயே தங்கிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். பயந்தாங்கொள்ளித் துறைமுகம் என்று பட்டப்பெயர் வைத்தவர்களும் அவர்களேதான்.

கேள்வி இதுதான். அண்டை வீட்டார், அலுவலகம், சங்கக் கூட்டம், சம்பந்தி எல்லாம் வேண்டாம் என்று வீட்டை விற்றுப் படகு வாங்கிய மனிதன், உலகின் முக்கால் பங்கு தண்ணீரையும் விட்டுவிட்டு, இன்னொரு படகுக்குப் பக்கத்தில் போய் ஏன் நங்கூரம் போடுகிறான்?

முன்னோர் மொழிந்தவை

தனிமைக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது ஜோஷுவா ஸ்லோகம். ஸ்ப்ரே என்ற சிறு படகில் 1895-இல் புறப்பட்டு, ஒற்றை ஆளாக உலகைச் சுற்றி 1898-இல் திரும்பிய முதல் மனிதர். 1900-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே 'தனியாக' என்பது இருக்கிறது. உள்ளே போனால் பக்கத்துக்குப் பக்கம் விருந்தாளிகள். சமோவாவில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் மனைவி படகுக்கு வருகிறார், காலஞ்சென்ற கணவரின் கடல்வழி நூல்களையும் தருகிறார். மெல்போர்னில் துறைமுக வரி கேட்டதும், ஸ்லோகம் படகைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு ஆறு பென்ஸ் வசூலித்தார். கூட்டம் குறைந்ததும் ஒரு சுறாவைப் பிடித்து, அதைப் பார்க்கவும் ஆறு பென்ஸ் வாங்கினார். அழையா விருந்தாளிகளுக்கும் அவரிடம் வழி இருந்தது. தென்னமெரிக்காவின் தென்முனையில் இரவில் தூங்கப்போகுமுன் தளத்தில் கம்பள ஆணிகளைப் பரப்பி வைத்தார். வெறுங்காலுடன் ஏறியவர்கள் அலறிய அலறலில் அவர் எழுந்துகொண்டார். அந்த நீர்ப்பரப்பு வந்தவர்களுடையதா, ஆணி பரப்பியவருடையதா என்பது வேறொரு கட்டுரைக்குரியது. இவ்வாய்வாளரின் வாக்கு ஆணிக்கு இல்லை.

இரண்டாம் சான்று பெர்னார்ட் முவாதெசியே. 1968-69இல் நடந்த, எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றும் போட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர், பரிசும் வேண்டாம் ஐரோப்பாவும் வேண்டாம் என்று டஹிட்டிக்குத் திரும்பிவிட்டார். அந்தத் துறவைக்கூட அவரால் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1969 மார்ச்சில் கேப் டவுன் அருகே கண்ணில் பட்ட ஒரு கப்பலின் தளத்துக்கு, செய்தியை உண்டிவில்லால் அடித்து அனுப்பினார். தினைப்புனத்தில் கிளி ஓட்ட வேண்டிய கருவி நடுக்கடலில் கடிதம் கொண்டுபோகிறது. திணைமயக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இலக்கியத்தில் இல்லை.

கருப்பொருள்: வானொலி

ஜார்ஜ் டவுனில் பொழுது விடிவது காலை எட்டு மணிக்கு, வி.எச்.எஃப் வானொலியின் 72-ஆம் சேனலில். ஒருவர் நடத்துநராக அமர்ந்துகொள்ள, துறைமுகம் முழுவதும் கையில் காப்பியுடன் கேட்கிறது. முதலில் வானிலை. பிறகு ஊர்க் கடைகளின் அறிவிப்பு. பிறகு நேற்று வந்தவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்கிறார்கள், இன்று போகிறவர்கள் விடைபெறுகிறார்கள். போகிறேன் என்றவர் மறுநாளும் போகிறேன் என்பார், யாரும் சிரிப்பதில்லை. அடுத்து நிகழ்ச்சி நிரல்: மதியம் கரையில் கைப்பந்து, மரத்தடியில் சீட்டு, கூடை பின்னும் வகுப்பு, ஞாயிறு என்றால் மணலில் ஆராதனை. அதற்கும் அடுத்து உதவிப் பகுதி: இன்ன அளவில் ஒரு நீரேற்றிக் குழாய் யாரிடமாவது இருக்குமா, கரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது யாருடையது. வேலையைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் இவ்வளவு ஒழுங்காக ஒரு காலைக் கூட்டத்துக்கு ஆஜராவதை எந்த மேலாளர் பார்த்தாலும் கண்ணீர் விடுவார்.

வானொலியில் பொருளுக்கு விலை சொல்லி விற்பது ஆகாது என்பதால், மெக்சிகோக் கரையில் லா பாஸ் துறையின் காலை ஒலிபரப்பில் பழைய பாய்க்கும் பம்புக்கும் விலையைத் தேங்காயில் சொல்வார்கள். நூறு தேங்காய் என்றால் எதிர்முனைக்குப் புரிந்துவிடும். அங்கே இதுவரை உண்மையில் யாராவது தேங்காய் கொடுத்தார்களா என்பது மேலாய்வுக்குரியது.

இந்த வானொலிக்கு ஓர் இயல்பு உண்டு. அதில் இரகசியம் இல்லை. 16-ஆம் சேனல் ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும். கூப்பிட்டதும் வேறொரு சேனலுக்குப் போய்ப் பேச வேண்டும். இருவர் நகர்ந்தால் துறைமுகத்தில் பாதியும் கூடவே ஓசைப்படாமல் நகர்கிறது. அதிகபட்சம் 25 வாட், குறைத்தால் 1 வாட் என்று கருவியில் இரண்டு நிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு வாட்டில் கிசுகிசுத்தாலும் பத்துப் படகு தாண்டி இருப்பவருக்குக் கேட்கும். இன்று மாலை யார் யாரை அழைத்தார்கள், யாரை அழைக்கவில்லை என்பது அழைக்கப்படாதவருக்கே முதலில் தெரிகிறது.

ஆளின் பெயரும் இங்கே அழிந்துபோகிறது. வானொலியில் கூப்பிடுவது படகின் பெயரைச் சொல்லித்தான் என்பதால், மனிதர் இன்ன படகுக்காரர் ஆகிவிடுகிறார். அதற்கென அட்டை அடித்து வைத்திருக்கிறார்கள்: படகின் படம், படகின் பெயர், அதன் கீழே இருவரின் முதற்பெயர். பதவி இருக்காது, பட்டம் இருக்காது. நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பது நாகரிகமில்லை. என்ன நங்கூரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். அது குலம் கோத்திரம் கேட்பதற்குச் சமம், சண்டையும் அதே அளவுக்கு வரும்.

எற்பாடு

நெய்தலின் சிறுபொழுது சூரியன் சாயும் நேரம் என்று வகுத்த ஆசிரியரின் தீர்க்கதரிசனத்தை இங்கே வியக்க வேண்டும். படகுலகின் விருந்து அந்த நேரத்தில்தான். டிங்கி எனப்படும் சிறு ரப்பர் படகில் விருந்தாளிகள் வருவார்கள். வந்ததும் ஏறிவிடக் கூடாது. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏறிவாருங்கள் என்ற சொல் வராவிட்டால், கம்பியைப் பிடித்தபடியே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதும் உண்டு. அது அவமானம் அல்ல. ஏறினால் செருப்பை டிங்கியிலேயே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குப் பயிற்சி தேவையில்லை.

மற்றவற்றில் தேவை. கரையிலோ பெரிய படகிலோ பலர் கூடும் விருந்து என்றால், விருந்தாளி தனக்கான பானத்தைத் தானே கொண்டுவர வேண்டும். எல்லோருக்குமாக ஒரு பதார்த்தமும் கொண்டுவர வேண்டும். தன் தட்டு, தன் கோப்பை, தன் கரண்டி எல்லாம் கொண்டுவர வேண்டும். சாப்பிட்டபின் அவற்றை அழுக்காகவே எடுத்துக்கொண்டு போக வேண்டும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பத்துக் குறளில் ஒன்றிலும் தட்டு யாருடையது என்ற பேச்சே இல்லை. காரணம் எளிது, அவர் படகில் குடியிருக்கவில்லை. தொட்டியில் இருப்பது குடம் குடமாய்க் கரையிலிருந்து சுமந்துவந்த நன்னீர், அல்லது மின்சாரத்தைத் தின்று உப்பு நீக்கும் கருவி சொட்டுச் சொட்டாய்த் தந்தது. எட்டுப் பேரின் தட்டைக் கழுவினால் வீட்டுக்காரி நாளைக்குக் குளிக்க முடியாது.

சூரியன் விழுந்ததும் படகுதோறும் சங்கு முழங்கும். பஹாமாஸில் படகுக்காரர்கள் மாலையில் இதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் நம் சங்கு வேறு. இது அந்தத் தீவுக்காரர்கள் சதையைத் தின்றுவிட்டுப் போடும் இராணிச் சங்கு, நுனியை அறுத்து ஊதுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அந்நேரத்தில் யார் போய்விட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். யாரும் போகவில்லை.

உரிப்பொருள் இரங்கல். இதில் ஐயமே இல்லை. விருந்தில் நிகழும் உரையாடல் மின்கலம் பற்றிய இரங்கல், குளிர்பெட்டி பற்றிய இரங்கல், கழிவறைக் குழாயில் சுண்ணாம்புபோல் படியும் உப்பு பற்றிய இரங்கல் என மூவகைப்படும். மூன்றாவதை உணவுக்கு நடுவில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டத்தின் அளவு காட்டி விவரிப்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்தவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். அழகான ஊர்களில் படகைப் பழுதுபார்ப்பதே இந்த வாழ்க்கை என்பது அவர்களே சொல்லிக்கொள்ளும் இலக்கணம். ஒன்பது மணிக்கு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். படகுக்காரரின் நள்ளிரவு என்று அதற்குப் பெயர்.

சங்கிலி

இனி மெய்க்காரணம். ஆழம் 4 மீட்டர். நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனையான அணியம் 1 மீட்டர் உயரம். கூட்டினால் 5. காற்று அடிக்கும் இரவுக்கு ஏழு மடங்கு விடுவது நல்லது என்பார்கள். ஆக 35 மீட்டர் சங்கிலி. 12 மீட்டர் நீளப் படகையும் சேர்த்தால், நங்கூரம் விழுந்த இடத்தைச் சுற்றி 47 மீட்டர் ஆரமுள்ள வட்டம். பரப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். பட்டா கிடையாது, வேலி கிடையாது; அந்த ஏக்கரைப் பத்துப் பேர் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காற்று எல்லாப் படகையும் ஒரே திசையில் திருப்பும்வரை சிக்கல் இல்லை. காற்று செத்து நீரோட்டம் இழுக்கும்போது ஒற்றை உடல் படகு ஒரு பக்கம், இரட்டை உடல் படகு ஒரு பக்கம், சங்கிலிக்காரர் ஒரு பக்கம், கயிற்றுக்காரர் ஒரு பக்கம்.

முதலில் வந்தவருக்கே உரிமை, பின்னால் வந்தவரே விலக வேண்டும் என்பது விதி. புதுப் படகு ஒன்று நெருங்கினால் பழைய படகுக்காரர் உள்ளிருந்து எழுந்து வந்து, அணியத்தில் நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுவார். பேசமாட்டார். கோவில் திருவிழாவில் துண்டு போட்டுப் பிடித்த இடத்துக்கு இன்னொருவர் வரும்போது நம்மவர் நிற்கும் அதே நிலை அது. உலகின் எல்லாத் துறைகளிலும் இது மாறாமல் காணப்படுகிறது.

குளிர்காலத்தில் அடிக்கடி வடமேற்கிலிருந்து குளிர்முகம் ஒன்று வரும். கொண்டல் தென்றலாகும், தென்றல் கோடையாகும், கோடை வாடையாகும். ஓரிரு நாளில் காற்று ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கொண்டலுக்கு ஸ்டாக்கிங் தீவின் நிழல் பாதுகாப்பு; மேல்காற்றுக்கு ஊர்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். படகுகள் கூட்டமாக நங்கூரம் தூக்கி எதிர்க்கரைக்குப் போகும். நேற்றைய அண்டை வீட்டார் கண்காணாமல் போக, முறைத்தவரின் பின்னால் முறைக்கப்பட்டவர் வந்து நிற்பார். அன்றிரவு இரண்டு மணிக்கு யாருடைய நங்கூரமாவது மணலை விட்டுவிடும். விளக்குகள் எரியும், ஊதல்கள் அலறும், டிங்கிகள் ஓடும். இடுப்பில் கை ஊன்றியவரே மழையில் நனைந்துகொண்டு வந்து அடுத்தவர் படகைத் தள்ளிப் பிடிப்பார். அந்த நேரத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். மாலை விருந்து எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

அற்றன்று, மனிதன் இயல்பிலேயே கூடி வாழ்பவன், சங்கிலி எதற்கு என்பார்க்கு: கூடி வாழ்பவன் ஏன் வீட்டை விற்றான்? அடுக்ககத்தில் பத்தாண்டு இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாதவனுக்கு இங்கே பத்து நாளில் ஐம்பது படகின் பெயர் தெரிகிறது. அடுக்ககம் இரவில் நகர்வதில்லை. வேறு வித்தியாசம் எதையும் இவ்வாய்வு காணவில்லை.

முடிபைச் சரிபார்க்க விரும்பும் தமிழ் வாசகர் பஹாமாஸ் வரை போக வேண்டியதில்லை; வங்கக் கடலைத் தாண்டும் பாய்மரப் படகுகள் திருகோணமலையிலும் நங்கூரம் போடுவதுண்டு. அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். தட்டும் கரண்டியும் கையோடு இருக்கட்டும், செருப்பு டிங்கியில் இருக்கட்டும். சம்பளம் கேட்காதீர்கள். கழிவறைக் குழாய்க் கதையைக் கடைசிவரை கேளுங்கள். ஒன்பது மணிக்கு முன் எழுந்துவிடுங்கள்; தட்டைக் கழுவித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.