மேலே சீனி, உள்ளே சுக்கா

மான்டி கிறிஸ்டோ என்று ஒரு சாண்ட்விச் இருக்கிறது. மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில் அதைச் செய்ய முடியாது என்று நிரூபித்துக் காட்டிய பெருமை எனக்கு உண்டு.

இத்தனைக்கும் ஊர்மேல் பழி போட வழியில்லை. 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அதே வளாகத்தில் மனையியல் கல்லூரியும் உண்டு. இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள், ஊரார் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறோம். உணவியல் படித்த பிள்ளைகள் பஸ் ஏறி இறங்குகிற நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, இரண்டு துண்டு ரொட்டியை எண்ணெயில் போட்டு முழுசாக எடுக்கத் தெரியவில்லை என்றால் யானைமலைகூட மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

பண்டம் என்னவோ எளிமையானதுதான். ரொட்டிக்கு நடுவே பன்றித் தொடைக்கறி, வான்கோழிக்கறி, சுவிஸ் சீஸ். அதை முட்டையும் பாலும் மைதாவும் கரைத்த மாவில் முக்கிப் பொரித்து, மேலே பொடித்த சீனியைத் தூவி, பக்கத்தில் ஜாம் வைத்துக் கொடுப்பார்கள். பாரிஸ் கஃபேக்களில் 1910 வாக்கில் புழங்கத் தொடங்கிய க்ரோக் மஸ்யூ என்ற சீஸ் ரொட்டிதான் இதற்கு மூதாதை. அமெரிக்காவுக்குப் போன பிறகு அது எண்ணெய்ச் சட்டியில் குதித்திருக்கிறது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967-இல் திறந்த ப்ளூ பேயூ உணவகம் இதற்குப் பேர்போனது. கறியின்மேல் சீனியா என்று வீட்டில் முகம் சுளித்தார்கள். நான் வாதாடினேன். பூரிக்குச் சீனி தொட்டுக்கொள்கிறோம். சால்னாவில் ஊறிய புரோட்டாவைத் தின்று முடித்து, கடைசித் துண்டுக்குச் சீனி கேட்கிறவர்கள் நம் ஊரில் இல்லையா? கறிதோசை தின்ற வாயோடு ஜிகர்தண்டா குடிப்பதை எந்த மதுரைக்காரர் குற்றம் என்பார்? வாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது அதில் மட்டும்தான்.

ஒத்தக்கடையில் பன்றித் தொடைக்கறிக்கு எங்கே போவது? முந்தின நாள் மட்டன் சுக்கா கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பரப்பி, மேலே ஒரு சீஸ் வில்லையை வைத்து மூடினேன். சுக்கா என்று பெயர் இருந்தாலும் எங்கள் வீட்டுச் சுக்காவில் வெங்காயம் தாராளம், எண்ணெய் அதைவிடத் தாராளம். ரொட்டியோ அன்று காலையில் வாங்கியது, பஞ்சாக இருந்தது. கீழ் ரொட்டி அந்த ஈரத்தைக் குடித்து நைந்து, சட்டியில் இறங்கியதும் வாயைத் திறந்துவிட்டது. கறி ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம், சீஸ் சட்டியின் அடியில். சுக்காவை இரண்டாம் முறை பொரித்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். பல்லுக்கு வேலை.

வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, கறியைக் கொட்டிட்டீகளா?" என்றார். மருமகனிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து நான் செய்ததுதான் படித்தவன் செய்கிற தப்பு. சீனியை ஏன் கடைசியில் தூவிக்கொண்டிருக்க வேண்டும், மாவிலேயே கலந்தால் ஒரு வேலை மிச்சம்தானே என்று தோன்றியது. கலந்தேன். பஜ்ஜி பொரிகிற எண்ணெய் 175, 180 டிகிரியில் இருக்கும். சீனி 160 டிகிரியைத் தாண்டும்போதே பாகாகிக் கறுக்கத் தொடங்கும். மாவில் பாலும் முட்டையும் இருந்தால் அதற்கும் முன்னாலேயே சிவக்கும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வெளியே கரி, உள்ளே குளிர்ந்த சீஸ். மகள் அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் காட்டிவிட்டு வந்தாள்.

கருகியதற்குப் பயந்து தீயைக் குறைத்தேன். இப்போது கருகவில்லை, எண்ணெயைக் குடித்தது. பிழிந்திருந்தால் ஒரு தாளிப்புக்குத் தேறியிருக்கும். ஒத்தக்கடை முக்கில் நான் டீ குடிக்கிற கடையின் வடை மாஸ்டரிடம், என் பெயரை மறைத்து, யாரோ ஒருவருக்கு இப்படி ஆனதாகச் சொல்லிக் கேட்டேன். "எண்ணெய் காயாமப் போட்டிருப்பீக சார். ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்க, அடியில போன வேகத்துல மேல வரணும்" என்றார். யாரோ ஒருவர் என்பதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அவர் சொன்னதன் காரணத்தையும் தேடிப் பார்த்தேன். சூடான எண்ணெயில் மாவின் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைய இடமில்லை. சூடு குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறைகிறது. இன்னொரு விஷயம் எனக்கே புதிது: எண்ணெயில் பெரும்பங்கு, பண்டத்தை வெளியே எடுத்த பிறகு, ஆறும்போதுதான் உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மேலே ஒட்டியிருப்பதை இழுத்துக்கொள்ளுமாம். மாஸ்டர் ஜல்லிக்கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, சூட்டோடு எண்ணெயை வடித்துவிட்டு வடையைக் கொட்டுவது சும்மா இல்லை. நான் எடுத்ததைத் தட்டில் போட்டு, அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுக்கும் விடை எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. பரண் என்றால் அங்கே இருக்கும் தீபாவளிச் சட்டியைச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை மாமியார் அதில் சீயம் போடுவார். வெந்த கடலைப்பருப்பு, வெல்லம், தேங்காய், ஏலம் சேர்த்துக் கெட்டியாகக் கிளறிய பூரணம் உள்ளே. வெளியே உப்புப் போட்ட உளுந்தமாவு. இனிப்பும் உப்பும் ஒரே கடியில்! எண்ணெய்க்குப் பக்கத்தில் இனிப்பை அண்டவிடாமல் மாவால் மூடிவிடுகிறார்கள். எங்காவது மாவு விலகினால் பூரணம் வெடித்து எண்ணெய் முழுக்கக் கறுப்பாகும், அதனால்தான் அத்தை ஒவ்வொரு உருண்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போடுவார். அமெரிக்கர்கள் வேறு வழி பார்த்தார்கள்: இனிப்பை வெளியே வை, ஆனால் அடுப்பை அணைத்த பிறகு வை. இரண்டு வழியிலும் இனிப்பு எண்ணெயைத் தொடுவதில்லை. நான் கண்டுபிடித்த மூன்றாவது வழிதான் கரி. இத்தனை வருஷம் அந்தச் சீயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவன் நான். பார்த்ததேயில்லை, தின்றதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். முதல் நாள் ரொட்டி, ஓரங்களை வெட்டியாகிவிட்டது. சுக்காவை வெறும் சட்டியில் சுருள வதக்கி, கறிக்கு மேலும் கீழும் சீஸ் வைத்து, விளிம்பை முட்டையால் ஒட்டி அழுத்தினேன். மாவில் உப்பு மட்டும். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், மேலே வந்தது. பொன்னிறமாக எடுத்து, தட்டி வடித்து, மிக்ஸியில் பொடித்த சீனியைத் தூவினேன். குறுக்கே வெட்டியபோது சீஸ் நூலாக நீண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்வீட்டுக்குக் காட்ட நானே தயாராக இருந்தேன்.

மகள் மேலே இருந்த சீனியைத் துடைத்துத் தள்ளிவிட்டு, தக்காளி சாஸ் கேட்டாள். அத்தைக்கு அன்று விரதம் என்பது என் நினைவிலேயே இல்லை. தனக்கென்று வெறும் ரொட்டியை மட்டும் புது எண்ணெயில், முட்டை இல்லாமல், பாலில் நனைத்துப் போட்டுத் தரச் சொன்னார். சீனி கொஞ்சம் தூக்கலாகத் தூவிக் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"பாம்பே டோஸ்ட் நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்றார்.